டியூன் செய்த பிக்கப்புக்குக் குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட்: சென்னை வெயிலில் எது எடுபடும், எது எடுபடாது

ரீமேப் செய்த (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பை, அதாவது மென்பொருளை, மாற்றி எழுதிய) பிக்கப் கத்திரி வெயிலில் சூடேறத் தொடங்கினால் சென்னையில் இரண்டு யோசனைகள் உடனே கிடைக்கும். ஒன்று, "குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்க." இன்னொன்று, "அதையே கழட்டித் தூக்கிப் போடுங்க, நம்ம ஊருக்கு எதுக்கு அது." முதல் யோசனை சில பெட்ரோல் இன்ஜின்களுக்கு நிஜமாகவே பலன் தரும், டீசலுக்கு அநேகமாகக் கெடுதல். இரண்டாவது யோசனை, இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கே உலை வைக்கக்கூடியது. எந்த வண்டிக்கு எத்தனை டிகிரி என்று முடிவெடுக்கும் முன், கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடும் இந்தச் சின்ன வால்வு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தெளிவாக வேண்டும்.

தெர்மோஸ்டாட்டின் மேல் 82 என்று பொறித்திருந்தால், கூலன்ட் அந்த வெப்பத்தைத் தொடும்போது வால்வு திறக்கத் தொடங்கும். உள்ளே ஒரு பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. மெழுகு உருகி விரியும்போது நடுவில் இருக்கும் பின்னைத் தள்ளும், ஸ்பிரிங்கை மீறித் தட்டு நகரும். முழுதாகத் திறக்க மேலும் 10 முதல் 13 டிகிரி வேண்டும். அதாவது 82 டிகிரி வால்வு சுமார் 95 டிகிரியில் முழுதாகத் திறந்திருக்கும். ஜப்பானிய வண்டிகளின் சர்வீஸ் புத்தகங்களில் 80 முதல் 84 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும், 95 டிகிரியில் தட்டு 8 அல்லது 10 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும் என்ற மாதிரியான அளவுகளைப் பார்க்கலாம்.

அதற்கு மேல் தெர்மோஸ்டாட்டுக்கு வேலையே கிடையாது. கூலன்ட் 105 டிகிரியில் கொதிப்பை நோக்கிப் போகும்போது, உள்ளே இருப்பது 71 டிகிரி வால்வா 88 டிகிரி வால்வா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டுமே முழுதாகத் திறந்து நிற்கின்றன. இன்ஜின் எவ்வளவு வரை குளிரலாம் என்பதைத் தெர்மோஸ்டாட் தீர்மானிக்கிறது. எவ்வளவு வரை சூடேறும் என்பதை ரேடியேட்டரும், ஃபேனும், வாட்டர் பம்பும், முன்னால் இருந்து வரும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகை ஒரு நாள் முன்னதாகத் திறந்துவிடலாம், அதனால் அடையாறு அகலமாகிவிடாது.

சென்னையில் இந்தக் கணக்கு இன்னும் கறாராக வேலை செய்கிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்ட்டுக்கும் அதன் மேல் வீசும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. மே மாதம் 40 டிகிரி சாதாரணம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வரை போயிருக்கிறது. அந்தக் காற்று நேராக ரேடியேட்டருக்கு வருவதில்லை. இன்டர்கூலரையும் (டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) ஏசி கண்டன்சரையும் தாண்டித்தான் வருகிறது. அங்கேயே 15 டிகிரி ஏறி 55 டிகிரியில் ரேடியேட்டரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூலன்ட் 95 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 40. கூலன்ட்டை 85 டிகிரியில் வைக்க ஆசைப்பட்டால் வித்தியாசம் 30 மட்டுமே. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் வெளியேறும் வெப்பம் கால் பங்கு குறைந்துவிட்டது. 71 டிகிரியில் வைக்க நினைத்தால் மிச்சம் இருப்பது 16 டிகிரி வித்தியாசம். அந்த 16 டிகிரியை வைத்துக்கொண்டு முழு லோடில் ஓடும் இன்ஜினைக் குளிர்விக்க இப்போது இருப்பதைப் போல இரண்டரை மடங்கு திறனுள்ள ரேடியேட்டர் வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகும்? 71 டிகிரி வால்வு காலையிலிருந்து மாலை வரை முழுதாகத் திறந்தே கிடக்கும். கூலன்ட் வெப்பம் லோடுக்கும் வேகத்துக்கும் ஏற்ப 80, 92, 85, 98 என்று அலைபாயும். ஒரே வெப்பத்தில் நிலையாக வைத்திருப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை, அந்த வேலை போய்விடுகிறது. ரேடியேட்டரைப் பெரிதாக்காமல் டிகிரியை மட்டும் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

கழற்றிப் போடும் பழக்கம்

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல இன்ஜின்கள் இதனால் வீணாகின்றன. இன்றைய பிக்கப்களில் இருக்கும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் இரண்டு தட்டு வகை. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, கீழே உள்ள சின்னத் தட்டு பைபாஸ் வழியை மூடும். பைபாஸ் என்பது இன்ஜினிலிருந்து வரும் சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமலே பம்புக்குத் திரும்பும் குறுக்கு வழி. வால்வைக் கழற்றினால் இந்தக் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்துவிடுகிறது. எந்த வழி எளிதோ அந்த வழியில்தான் கூலன்ட் போகும். ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆற அமரப் போகும்போது முள் கீழே இருக்கும், "பார்த்தீங்களா, குளுகுளுன்னு ஓடுது" என்று தோன்றும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் முழு லோடோடு ஏறும்போதுதான் உண்மை தெரியும்.

இன்னொரு சேதாரம் கண்ணுக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட் தரும் சிறு தடையால் பிளாக்குக்குள் பம்ப் உண்டாக்கும் அழுத்தம் குறையாமல் தங்குகிறது. எக்சாஸ்ட் வால்வுகளுக்கு நடுவில் உள்ள மெல்லிய உலோகப் பகுதியில் கூலன்ட் ஆவிக்குமிழியாக மாறாமல் இருக்க அந்த அழுத்தம் உதவுகிறது. தடை போனால் அழுத்தம் குறையும், அந்த இடத்தில் குமிழிகள் உண்டாகும், ஹெட் அங்கே மட்டும் கொதிக்கும். சென்சார் வேறொரு மூலையில் இருப்பதால் டேஷ்போர்டில் 88 என்றுதான் காட்டும். வால்வு மூடியபடி சிக்கி ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நின்றுவிட்டால், அதைக் கழற்றிவிட்டு மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போவது ஒன்றுதான் இதற்கு விதிவிலக்கு.

பெட்ரோலும் டீசலும் ஒன்றல்ல

குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் என்ற பேச்சு அமெரிக்க வி8 பிக்கப்களிலிருந்து இங்கே வந்தது. ஜிஎம்மின் எல்எஸ் வகை வி8களில் கம்பெனி தருவது 86 டிகிரி அளவிலான வால்வு. டியூன் செய்பவர்கள் அதைக் கழற்றி 71 டிகிரி வால்வைப் போடுவார்கள். அங்கே பெட்டிகளில் ஃபாரன்ஹீட் கணக்கு: 160 என்றால் 71 செல்சியஸ், 170 என்றால் 77, 180 என்றால் 82, 195 என்றால் 91. ஆன்லைனில் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினில் இதற்கு நியாயமான காரணம் உண்டு. பெட்ரோலில் பவரைக் கட்டுப்படுத்துவது நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது. சிலிண்டர் ஹெட்டும் இன்டேக் போர்ட்டும் சில டிகிரி குளிர்ந்திருந்தால் உள்ளே வரும் காற்று அவ்வளவு சூடேறாது, தீப்பொறி மூட்டிய தீ வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக எரியும் அபாயம் குறையும், ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்காது. கவனியுங்கள், வால்வு தானாகப் பவர் தருவதில்லை. வெயிலில் இழந்துகொண்டிருந்த டைமிங்கை ஓரளவு திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். அதிலும் இன்டேக் காற்றின் வெப்பம்தான் பெரிய புள்ளி. இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 65 டிகிரியில் இருக்கும் டர்போ பெட்ரோல் வண்டியில், கூலன்ட்டை 6 டிகிரி குறைப்பதைவிட நல்ல இன்டர்கூலரும் 95 ஆக்டேன் பெட்ரோலும் பல மடங்கு பலன் தரும். பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

டீசலில் இந்தக் கணக்கே தலைகீழ். இங்கே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும், அதற்குச் சூடு தேவை. இன்ஜினைக் குளிரவிட்டால் பற்றுவது தாமதமாகும், எரிவது முழுமையாகாது, கரி கூடும், மைலேஜ் குறையும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் ஒட்டி, ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கும். இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடானால்தான் அதில் சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். கூலன்ட் 75 டிகிரியிலேயே நின்றால், ஆயில் கூலர் வழியாக ஆயிலையும் கீழே இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் அண்ணா நகரிலிருந்து கிண்டி வரை மட்டுமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் உள்ளே வெண்ணெய் மாதிரிப் படிவது இப்படித்தான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல்களில் இன்னொரு சிக்கல். டிபிஎஃப்பில் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சேரும் கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் தொடங்க, ஈசியு முதலில் கூலன்ட் வெப்பத்தைப் பார்க்கும். அது எதிர்பார்க்கும் அளவுக்கு வரவில்லை என்றால் ரீஜென் தள்ளிப்போகும் அல்லது பாதியில் நிற்கும். அதற்காகப் பீய்ச்சப்படும் கூடுதல் டீசலில் ஒரு பங்கு ஆயிலில் போய்ச் சேரும், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஹைலக்ஸ், ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ், ஸ்கார்பியோ, தார் டீசல் எதுவானாலும் ரீமேப் செய்த பிறகும் கம்பெனி சொன்ன டிகிரியிலேயே புது வால்வு போடுவதுதான் என் பரிந்துரை. டீசல் சூடேறினால் சிகிச்சை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள்

டேஷ்போர்டு முள்ளை நம்பிப் பயனில்லை. பெரும்பாலான வண்டிகளில் 75லிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது நகர்ந்த பிறகு நமக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகும் ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் வாங்கி, போனில் டார்க் அல்லது கார் ஸ்கேனர் மாதிரி ஒரு ஆப்பில் கூலன்ட் வெப்பம், இன்டேக் காற்றின் வெப்பம், லோடு, வேகம் நான்கையும் பதிவு செய்யுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் இக்னிஷன் டைமிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் 1 மணிக்கு மேல், ஏசி போட்டு, மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும்: கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஜிஎஸ்டி ரோட்டிலோ 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக, கத்திப்பாரா மாதிரி இடத்தின் நெரிசலில் 20 நிமிடம், பிறகு ஒரு நீண்ட ஏற்றம். சீரான ஓட்டத்தில் வெப்பம் வால்வில் பொறித்த எண்ணிலிருந்து 3 முதல் 8 டிகிரிக்குள் நின்றால், கட்டுப்பாடு தெர்மோஸ்டாட்டின் கையில் இருக்கிறது. இந்த நிலையில் மட்டும்தான் குறைந்த டிகிரி வால்வு எதையாவது மாற்றும். பொறித்த எண்ணுக்கு 13 டிகிரிக்கு மேல் போய்விட்டால் வால்வு ஏற்கெனவே முழுதாகத் திறந்துவிட்டது. அங்கே எந்த வால்வைப் போட்டாலும் பலன் இல்லை.

நெரிசலில் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் அல்லது காற்று வழியில் குறை. நெரிசலில் சரியாக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, பம்ப் இறக்கை தேய்மானம் அல்லது பம்ப் உறிஞ்சும் பக்கத்துக் கீழ் ஹோஸ் (ரப்பர் குழாய்) சுருங்குவது. காரணமில்லாமல் சட்டென்று 10 டிகிரி ஏறி இறங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அந்தக் காற்று ஏர் லாக்காகவும் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசியும் எரிந்த வாயுவாகவும் இருக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறினால் உறுதி.

வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் ஹோஸ் பக்கம் இருந்தால் இன்ஜினை விட்டு வெளியேறும் கூலன்ட்டை அது அளக்கிறது. கீழ் ஹோஸ் பக்கம் இருந்தால் ரேடியேட்டரிலிருந்து வரும் குளிர்ந்த கூலன்ட்டும் பைபாஸில் வரும் சூடான கூலன்ட்டும் கலந்த கலவையை அளக்கிறது. இரண்டாவது அமைப்பில் ஹெட்டில் இருக்கும் சென்சார், பொறித்த எண்ணைவிட 5 முதல் 10 டிகிரி கூடுதலாகக் காட்டுவது இயல்பு. எல்எஸ் வி8கள் இந்த ரகம்தான். அதே 71ஐ மேல் ஹோஸ் பக்கம் வால்வு உள்ள இன்ஜினில் போட்டால் ஹெட் இன்னும் குளிர்ந்துவிடும்.

சரி, எத்தனை டிகிரி?

ரீமேப் செய்த டர்போ பெட்ரோலுக்கு ஒரே ஒரு படி இறங்குங்கள். 88 அல்லது 91 இருந்த இடத்தில் 82. அதற்கு மேல் இறங்கத் தெருவில் ஓடும் வண்டிக்குத் தேவையில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் 15, 20 நிமிடம் ஆக்சிலேட்டரை மிதித்தே ஓடும் வண்டிக்கு 76.5 அல்லது 77 போடலாம், ரேடியேட்டரையும் பெரிதாக்கியிருந்தால். ஜப்பானிய வகை வால்வுகள் 76.5, 82, 88 என்ற எண்களில் கிடைக்கின்றன, ஆகவே தேர்ந்தெடுக்க இடம் உண்டு. 71 என்பது டிராக்குக்கு மட்டுமே ஓடும் பெரிய பெட்ரோல் இன்ஜினுக்கு, அதற்கென்று மேப் எழுதியிருந்தால் மட்டும்.

மேப்பைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கூலன்ட் ஒரு எல்லைக்குக் கீழே இருக்கும்வரை ஈசியு இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். குறிப்பிட்ட நேரத்துக்குள் எதிர்பார்த்த வெப்பம் வராவிட்டால் பி0128 என்ற பிழைக் குறியீடு (ஃபால்ட் கோடு) விழுந்து செக் இன்ஜின் விளக்கு எரியும். தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் அந்தக் கோடு. நாமே குளிர் வால்வு போட்டுவிட்டு அந்தக் கோட்டை மேப்பில் மறைத்துவிட்டால், நாளைக்கு வால்வு நிஜமாகவே திறந்தபடி சிக்கும்போது சொல்ல ஆள் இருக்காது. ஆகவே எல்லையை மாற்றுங்கள், கோட்டை அணைக்காதீர்கள்.

சில புதிய பெட்ரோல் இன்ஜின்களில் வால்வுக்குள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கும், ஈசியு மின்சாரம் கொடுத்து முன்கூட்டியே திறக்கும். ஒயர் கனெக்டர் உள்ள தெர்மோஸ்டாட் என்றால் அந்த வகை. அதில் 105 என்று பொறித்திருந்தாலும் பயப்பட வேண்டாம், லோடு ஏறும்போது ஈசியு தானே இறக்கிவிடும். அதைச் சாதாரண வால்வாக மாற்றாமல், மேப்பிலேயே இலக்கு வெப்பத்தைக் குறைப்பது சுத்தமான வழி.

லாரி அளவுப் பெரிய டீசல்களில் சிலவற்றில் இரண்டு தெர்மோஸ்டாட்கள் இருக்கும். மாற்றினால் இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே டிகிரியில் மாற்றுங்கள்.

வால்வை மாற்றினால் ஃபேனையும் பாருங்கள். எலக்ட்ரிக் ஃபேன் பல வண்டிகளில் 100 டிகிரியை ஒட்டித்தான் சுற்றத் தொடங்கும். 82 வால்வு போட்டுவிட்டு ஃபேனை அப்படியே விட்டால், ஏசி இல்லாமல் நெரிசலில் நிற்கும்போது வெப்பம் பழையபடி 100க்குப் போகும், மாற்றியதற்கு அர்த்தமே இல்லை. பொறித்த எண்ணுக்கு மேல் 12 முதல் 15 டிகிரியில் ஃபேன் தொடங்கி, அதிலிருந்து 5 டிகிரி குறைந்ததும் நிற்கும்படி மேப்பில் வையுங்கள். 82 வால்வுக்கு 95ல் தொடக்கம், 90ல் நிறுத்தம். இதைவிடக் கீழே வைத்தால் வால்வு முழுதாகத் திறக்கும் முன்பே ஃபேன் சுற்றும், சென்னை வெயிலில் நிற்கவே நிற்காது, மோட்டார் சீக்கிரம் போகும்.

டீசல் பிக்கப்களில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கோன் ஆயில் ஃபேன் கிளட்ச். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் வெப்பத்தைப் பார்த்துத்தான் அது இறுகும். கூலன்ட்டைக் குளிராக வைத்தால் அந்தக் காற்றும் குளிரும், கிளட்ச் தாமதமாக இறுகும். டீசலில் குறைந்த டிகிரி வால்வு ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிளட்சைச் சோதிக்க, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்து, சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். கனமாக எதிர்த்து நின்றால் நல்லது. தடையில்லாமல் பல சுற்றுகள் போனால் அல்லது நடுவில் எண்ணெய் கசிந்த கோடுகள் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். இரண்டையும் பிரித்து, பின்னாலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரை அருகில் பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய ஃபின் தகடுகள் மடங்கிவிடும். ரேடியேட்டர் ஓரங்களில் இருந்த ஃபோம் பட்டைகளும் ஃபேனைச் சுற்றிய உறையான ஷ்ரவுடும் காணாமல் போயிருந்தால், நின்ற இடத்தில் சூடான காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வரும். கிரில்லுக்கு முன்னால் மாட்டிய எல்இடி பாரும் காற்றைத் தின்னும். டீசல் பிக்கப்பின் சூட்டில் பெரும்பகுதி இந்த வேலைகளிலேயே தீர்ந்துவிடும்.

வாங்கியதும் கொதிக்க வையுங்கள்

ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும், புதுப்பேட்டையில் வாங்கினாலும், ஆன்லைனில் வரவழைத்தாலும் மாட்டும் முன் சோதிப்பது அவசியம். பெட்டியில் இருக்கும் எண்ணும் வால்வில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பழைய வால்வை அருகில் வைத்து விட்டம், மொத்த உயரம், கீழ்த்தட்டின் அளவு மூன்றையும் ஒப்பிடுங்கள். கீழ்த்தட்டு 2 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் பைபாஸ் மூடாது, கழற்றிப் போட்டதற்குச் சமம்.

பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர். தைக்கும் நூலை வால்வின் தட்டு இடுக்கில் சிக்க வைத்து, அந்த நூலிலேயே வால்வைத் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, அடிப்பகுதி தண்ணீரைவிடச் சூடு. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை வால்வுக்கு அருகில் இருக்கட்டும். 70 டிகிரிக்கு மேல் அடுப்பைக் குறைத்து, கிளறிக்கொண்டே மெதுவாக ஏற்றுங்கள். வால்வு நூலை விட்டு நழுவி விழும் கணத்தில் இருக்கும் எண்தான் திறக்கத் தொடங்கும் வெப்பம். பொறித்த எண்ணிலிருந்து 2 டிகிரிக்குள் இருந்தால் சரி. தண்ணீர் கொதிக்கும்போது தெர்மாமீட்டர் 100 காட்டுகிறதா என்றும் பாருங்கள். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் இது நம்பகமான சோதனை. 82 வால்வு முழுதாகத் திறப்பதை இந்தப் பாத்திரத்திலேயே அளக்கலாம். 91 வால்வு முழுதாகத் திறக்க 100க்கு மேல் வேண்டும், அதில் தொடக்கத்தை மட்டும்தான் பார்க்க முடியும். ஆறும்போது தட்டு முழுதாக மூடுகிறதா என்பதும் முக்கியம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடுக்கு தெரியக் கூடாது.

மாட்டுவது

இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து, வால்வின் மட்டத்துக்குக் கீழே போகும்வரை கூலன்ட்டைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்குங்கள். தெருவில் ஊற்றாதீர்கள், அது இனிப்பாக இருக்கும், நாயும் மாடும் குடித்தால் சாகும். ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றி, பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். அலுமினியத்தில் இரும்பு பிளேடு வைத்தால் கீறல் வழியே கசியும்.

ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். தட்டின் ஓரத்தில் ஆடும் சின்னப் பின் ஒன்று இருக்கும், அது காற்றை வெளியே விடுவதற்கு. மேனுவல் வேறு மாதிரி சொல்லாதவரை அதை மேல்பக்கம் வையுங்கள். வாங்கிய வால்வில் அந்தப் பின் இல்லை என்றால் தட்டில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போடலாம். குளிர் ஊரில் அது இன்ஜின் சூடேறுவதைத் தாமதப்படுத்தும், இங்கே அந்தக் கவலை இல்லை. ரப்பர் சீல் வளையம் உள்ள வால்வுக்கு ஆர்டிவி பேஸ்ட் (கசிவடைக்கும் சிலிக்கோன் பசை) தடவவே வேண்டாம். பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து போய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 அளவில் மாறி மாறி இறுக்குங்கள்.

கூலன்ட் ஊற்றும்போது போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம். சென்னைக் கிணற்று நீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படிவதோடு, வால்வின் பின்னையும் சிக்க வைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். நமக்கு உறைபனிக் கவலை இல்லாததால் கிளைக்கால் (கூலன்ட்டின் மூலப்பொருள்) 50 சதவீதம் தேவையில்லை. தண்ணீருக்குச் சூட்டைத் தாங்கிச் செல்லும் திறன் கிளைக்காலைவிட அதிகம். தண்ணீர் சேர்க்காத கான்சன்ட்ரேட் வாங்கிக் கலப்பவர்கள் 35 முதல் 40 சதவீதம் கூலன்ட் வைத்தால் துருத் தடுப்பும் கிடைக்கும், வெப்பமும் நன்றாகக் கடத்தப்படும். அதற்குக் கீழே இறங்கினால் துருத் தடுப்பு போதாது. நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், கேனில் எழுதியிருப்பதைப் படித்து ஒரே வகையை ஊற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் அப்போதே மாற்றிவிடுங்கள். 1.1 பார் மூடி சரியாக இறுகினால் பாதிக்குப் பாதிக் கலவை 125 டிகிரியைத் தாண்டும்வரை கொதிக்காது. ரப்பர் இறுகிப்போன மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் 107 டிகிரியிலேயே கொதிக்கும். இவ்வளவு மலிவான பொருள் வேறு எதுவும் இந்த அளவுக்குப் பாதுகாப்புத் தராது. அதற்காக, கம்பெனி சொன்னதைவிட அதிக அழுத்த மூடியைப் போட வேண்டாம், பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் தாங்காது.

காற்றை வெளியேற்ற, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, கேபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் ஐடிலில் ஓட விடுங்கள். ஹோஸ்களை அவ்வப்போது பிசைந்து விடுங்கள். வால்வு திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்பி மூடுங்கள். இரண்டு ஹோஸ்களும் சூடாகி, ஹீட்டரில் சீராகச் சூடான காற்று வந்தால் உள்ளே சிக்கிய காற்று போய்விட்டது. மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ரிசர்வ் டேங்க்கைப் பாருங்கள், அநேகமாக கால் முதல் அரை லிட்டர் கேட்கும்.

பிறகு அதே மூன்று நிலைகளிலும், முடிந்தவரை அதே வெயிலில், மீண்டும் பதிவெடுங்கள். பெட்ரோல் வண்டியில் கூலன்ட் 6 டிகிரி இறங்கி, டைமிங் 1 டிகிரியாவது திரும்பி வந்திருந்தால் மாற்றம் வேலை செய்கிறது. கூலன்ட் மட்டும் இறங்கி டைமிங் அப்படியே இருந்தால், நாக்கிங் கூலன்ட்டால் வரவில்லை. பழைய டிகிரி வால்வையே திரும்ப மாட்டிவிட்டு, இன்டர்கூலருக்கும் பெட்ரோலுக்கும் போங்கள். மைலேஜ் இறங்கினாலும், டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினாலும் அதே முடிவுதான்.